போராட்டத்துக்குக் காசு எங்கிருந்து வருது?

"காசு வாங்கிட்டுத்தான் போராடுறாங்க" என்ற பேச்சைத் தூத்துக்குடி மாவட்டத்தில் கேட்காத ஆள் கிடையாது. ஸ்டெர்லைட் பேச்சு வந்தால் இதுவும் கூடவே வரும். கூடங்குளம் என்றாலும் இதேதான். இப்போது நம் இயக்கத்தைப் பார்த்தும் சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

எங்கள் வட்டாரக் குழுவில் ஒரு முழுநேர ஊழியரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு எழுந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "சம்பளம் வாங்கினா அது உத்தியோகம், இயக்கம் இல்ல" என்றது ஒரு பக்கம். "அவனும் பிள்ளகுட்டிக்காரன்தான, எத்தன நாள் சொந்தக் காசுல பஸ் ஏறுவான்?" என்றது மறுபக்கம். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இதை எல்லாரும் படித்துப் பேசும்படி ஒரு பாடமாக எழுதித் தரச் சொன்னார்கள். வங்கியில் பலகாலம் கணக்குப் பார்த்தவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். மற்ற வட்டாரங்களிலும் இதே கேள்வி இருக்கும் என்று நினைத்து இதழுக்கும் அனுப்புகிறேன்.

நம் ஊர் வழக்கு

முதலில் நடந்ததை வரிசையாக வைத்துக்கொள்வோம். மகாராஷ்டிராவில் ரத்தினகிரியில் வரவேண்டியிருந்த தாமிர உருக்காலை, அங்குள்ள மாம்பழ விவசாயிகளும் மற்றவர்களும் எதிர்த்ததால் அங்கிருந்து கிளம்பியது. 1994-ல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார்கள். 1996-லேயே மீனவர்கள் படகுகளோடு போய்க் கடலில் மறியல் செய்தார்கள். அதே காலத்தில் வழக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

2010 செப்டம்பரில் ஆலையை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி ஆலை நடக்கலாம் என்றது. ஆனால் சுற்றுச்சூழலுக்குச் செய்த கேட்டுக்காக 100 கோடி ரூபாய் கட்டவும் சொன்னது. ஆலையை இன்னும் 4 லட்சம் டன் அளவுக்குப் பெரிதாக்கும் வேலை வந்தபோது, 2018 பிப்ரவரியில் அ.குமரெட்டியாபுரம் மக்கள் உட்கார்ந்தார்கள். போராட்டத்தின் நூறாவது நாள் மே 22. அன்றைக்கும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28-ம் தேதி ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மூடியது சரி என்றது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இவ்வளவுக்கும் நடுவில், 2023 ஏப்ரலில் தமிழக ஆளுநர், கூடங்குளம், ஸ்டெர்லைட் போராட்டங்களுக்குப் பின்னால் வெளிநாட்டுப் பணம் இருந்தது என்று பேசினார். இது புதுப் பேச்சு கிடையாது. 2012-ல் பிரதமராக இருந்த மன்மோகன் சிங், கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக ஓர் அறிவியல் இதழின் பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு சேர்ந்த அமைப்புகளின் வெளிநாட்டு நிதிக் கணக்குகள் முடக்கப்பட்டன. மறைமாவட்டம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. 2021 பிப்ரவரியில், டெல்லி எல்லையில் உழவர்கள் உட்கார்ந்திருந்தபோது, பிரதமர் மோடி மாநிலங்களவையில் "ஆந்தோலன்ஜீவி" என்று ஒரு புதுச்சொல் சொன்னார். போராட்டத்தையே பிழைப்பாக வைத்திருப்பவர் என்று அர்த்தம்.

கட்சி மாறினாலும் இந்தக் குற்றச்சாட்டு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்சியில் யார் இருந்தாலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிற ஆயுதம் இது. மண் கெட்டதா, தண்ணீர் கெட்டதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். காசு வாங்கினானா என்று கேட்டுவிட்டால் அந்தச் சோதனைக்கே வேலை இல்லாமல் போகிறது. கிணற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பது, அதைப் பற்றிப் பேசுகிறவருக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதால் மாறப்போவதில்லை. இதுதான் இந்தப் பாடத்தில் முதலில் மனதில் வைக்க வேண்டியது.

அதற்காகக் காசைப் பற்றிய கேள்வியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் வைத்துக் கேட்க வேண்டும்.

மறுபக்கத்து லெட்ஜர்

அப்படிக் கேட்டால் என்ன தெரிகிறது? வெளிநாட்டுப் பணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. அரசியல் கட்சிகள் வெளிநாட்டுப் பணம் வாங்கக்கூடாது என்பது அதன் முக்கியமான விதி. 2014 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட், சேசா கோவா நிறுவனங்களிடமிருந்து காங்கிரசும் பாரதிய ஜனதாவும் வாங்கிய நன்கொடை வெளிநாட்டுப் பணம்தான், இரண்டு கட்சிகளும் சட்டத்தை மீறியிருக்கின்றன, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுங்கள் என்றது அந்தத் தீர்ப்பு.

நடவடிக்கைக்குப் பதிலாகச் சட்டமே மாறியது. 2016-ம் ஆண்டு நிதிச் சட்டத்தில், எது வெளிநாட்டுப் பணம் என்கிற விளக்கத்தை 2010 முதல் செல்லும்படி மாற்றினார்கள். அதற்கு முந்தைய காலம் பாக்கி இருந்தது. 2018 நிதிச் சட்டத்தில் அந்த மாற்றத்தை 1976 வரைக்கும் பின்னால் இழுத்தார்கள். அந்த ஆண்டு நிதி மசோதா மக்களவையில் விவாதம் இல்லாமலே மார்ச் மாதம் நிறைவேறியது. அதே மார்ச் மாதத்தில் குமரெட்டியாபுரத்துப் பெண்கள் வேலைக்குப் போகாமல் ஆலைக்கு எதிராக உட்கார்ந்திருந்தார்கள். "உங்களுக்கு எங்கிருந்து காசு வருது?" என்ற கேள்வி அவர்களிடம் கேட்கப்பட்டது.

தேர்தல் பத்திரம் செல்லாது என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வெளியான பட்டியலில், வேதாந்தா நிறுவனம் 370 கோடி ரூபாய்க்கும் மேலாகப் பத்திரம் வாங்கியிருந்தது தெரிந்தது. அந்தப் பத்திரம் நடப்பில் இருந்த காலத்தில், யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்களிக்கிற நமக்குத் தெரியாதபடிதான் ஏற்பாடே இருந்தது.

இதைச் சொல்வது எதிர்த்தரப்பைத் திட்டித் தீர்ப்பதற்காக இல்லை. ஆலையைத் திறக்கச் சொல்லி மனு கொடுத்தவர்களும் நம் ஊரில் உண்டு. அவர்களில் வேலை போனவர், லாரி கடனில் மாட்டியவர், ஒப்பந்தம் இழந்தவர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாருமே நிறுவனத்தின் காசுக்குப் பேசுகிறார்கள் என்று நாம் சொன்னால், நம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்யை நாமே திருப்பிச் சொல்கிறோம். வயிற்றுப்பாட்டுக்காக ஒருவர் பேசுவதும், பேசுவதற்காக ஒருவருக்குக் காசு கொடுப்பதும் ஒன்றாகாது.

சம்பளம் வாங்கினால் இயக்கம் கெட்டுவிடுமா?

இப்போது நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். பொதுவேலைக்குக் காசு வாங்குவது தவறு என்று ஓர் எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நமக்கு முன்னால் வேலை செய்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தால் விஷயம் தெளியும்.

தூத்துக்குடியில் 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் பங்கு, மொத்தம் 40,000 பங்குகள். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்த அந்த வேலை, பதிவு செய்யப்பட்ட ஒரு கம்பெனியாக, பங்கு விற்று, கணக்கு வைத்து நடந்தது. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலி உயர்வோடு அது முடிந்தது. சில நாளிலேயே இருவரும் கைதானார்கள்.

சிறையிலிருந்து 1912 கடைசியில் வெளியே வந்த வ.உ.சி.க்கு வக்கீல் தொழில் இல்லை, சொத்தும் கரைந்துவிட்டது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று கொஞ்சம் பணம் திரட்டியிருந்தார்கள். அது காந்தி வழியாக வரவேண்டியிருந்தது. அந்தப் பணத்துக்காக 1915-லிருந்து அவர் காந்திக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 1916-ம் ஆண்டு தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. நாட்டுக்காகக் கப்பல் விட்டவர், தனக்கென்று திரட்டிய பணத்தை எழுதி எழுதிக் கேட்டு வாங்கினார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தாமதத்துக்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, சரியாகக் குறித்து வைக்காததுதான். பொதுவேலைக்கு வந்தவர் சோற்றுக்கு என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே யாரும் யோசித்து வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நம் ஊரில் கிடையாது.

அடுத்தது நம் நம்மாழ்வார் ஐயா. கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு 1969-ல் களக்காட்டுக்கு வந்து, நோபல் பரிசு பெற்ற பெல்ஜியம் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய "சமாதானத் தீவு" என்ற அமைப்பில் பத்து வருஷம் வேலை செய்தார். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துச் சம்பளம்தான் அது. அங்கே உழவரோடு வேலை செய்தபோதுதான், வெளியிலிருந்து வாங்கிப் போடும் இடுபொருள் விவசாயியைக் கடனாளியாக்குகிறது என்பதை அவர் கண்டார். பிறகு அதையும் விட்டு வெளியே வந்தார். 2013 டிசம்பரில் அவர் இறந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கத்தில், காவிரிப் படுகையில் மீத்தேன் எடுப்பதை எதிர்த்து வேலை செய்துகொண்டிருந்தார். வெளிநாட்டுச் சம்பளம் வாங்கினார் என்பதை வைத்து அவரை எடைபோட்டால், நம் இயக்கத்தின் ஆணிவேரையே வெட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது, நாராயணசாமி நாயுடு. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-ல் கோவை நகரத்தை மாட்டுவண்டிகளால் நிறைத்தார். வண்டி விவசாயியுடையது, மாடு விவசாயியுடையது, கட்டிக்கொண்டு வந்த சோறும் அவரவர் வீட்டுச் சோறு. அரசாங்கம் அதைக் கண்டு திகைத்ததற்கு இது ஒரு காரணம். வெளியிலிருந்து பணம் வந்திருந்தால் அதை நிறுத்தலாம். எல்லா வீட்டு அடுப்பையும் எப்படி நிறுத்துவது? 1984 டிசம்பரில், இயக்க வேலையாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நிலையில், நம் மாவட்டத்துக் கோவில்பட்டியில் அவர் உயிர் பிரிந்தது.

இந்த மூன்று பேரும் மூன்று விதமாகப் பணத்தைக் கையாண்டார்கள். மூன்றும் இயக்கம்தான்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. கலெக்டர் ஆபீசில் மனுநாளுக்குப் போய் நாள் முழுக்க நின்றால் எனக்கு நஷ்டம் இல்லை. கூலிவேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஒருநாள் ஒரு நாள் கூலி. "சம்பளம் இல்லாமல்தான் இயக்க வேலை" என்று விதி போட்டால், இயக்கம் என்னைப் போன்ற பென்ஷன்காரர் கையிலும் நிலம் அதிகம் உள்ளவர் கையிலும்தான் நிற்கும். நிலமில்லாதவரும் இளைஞரும் பின்வரிசையில் இருப்பார்கள். இலவச உழைப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எப்போது அது வியாபாரம் ஆகிறது?

அப்படியானால் எந்த இடத்தில் கெடுகிறது? அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி, மேயர் சால்ட் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1973-லேயே இதை எழுதினார்கள். முன்பு பாதிக்கப்பட்டவர்கள் கூடி இயக்கம் கட்டினார்கள். பிறகு அறக்கட்டளைப் பணம் வந்தது, சம்பள அதிகாரிகள் வந்தார்கள், உறுப்பினர் என்றால் வருஷத்துக்கு ஒரு செக் அனுப்புகிறவர் என்றானது. பாதிக்கப்பட்டவர் இல்லாமலே அவர் பெயரில் இயக்கம் நடக்க முடிந்தது. இதைத்தான் அவர்கள் தொழில்முறை இயக்கம் என்றார்கள்.

அதற்கு அடுத்த படியும் உண்டு. 1993-ல் அங்கே புகைபிடிப்போர் உரிமைக்கென்று ஒரு சங்கம் முளைத்தது. பின்னால் பணம் போட்டது பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி, நடத்தியது ஒரு விளம்பர நிறுவனம். 2012-ல் கூலிக்குக் கூட்டம் சேர்த்துத் தரும் கம்பெனியே அங்கே ஆரம்பமானது. நமக்கு இது புதுசா? தலைக்கு இவ்வளவு, ஒரு பிரியாணிப் பொட்டலம், லாரிக்கு டீசல் என்று கூட்டம் சேர்ப்பதை நாம் தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கிறோம்.

ஆனால் நம் வேலையில் ஆபத்து இவ்வளவு வெளிப்படையாக வராது. அது ப்ராஜெக்ட் வடிவத்தில் வரும். மூன்று வருஷத் திட்டம், இத்தனை பயனாளி, இத்தனை பயிற்சி, இத்தனை போட்டோ. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் போய்ப் பாருங்கள். மண்புழு உரத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். திட்டத்தின் பெயர் சிமெண்டில் எழுதியிருக்கும், உள்ளே ஆட்டுக்குட்டி கட்டியிருப்பார்கள். திட்டம் முடிந்தது, வந்தவர்கள் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அறிக்கை எங்கே போக வேண்டுமோ அங்கே சரியாகப் போயிருக்கும். கிராமத்துக்கு மட்டும் போயிருக்காது.

மூன்று கேள்விகள்

வங்கியில் கடன் விண்ணப்பம் வந்தால் ஆளின் சட்டையைப் பார்த்து முடிவு செய்யமாட்டோம். சில கேள்விகள் கேட்போம். இயக்கக் கணக்குக்கும் மூன்று கேள்விகள் போதும் என்பது என் எண்ணம்.

முதல் கேள்வி: பணம் நின்றால் வேலை நிற்குமா? ஸ்டெர்லைட்டில் படகு மறியலிலிருந்து 2024 தீர்ப்பு வரை 28 வருஷம். நடுவில் பலமுறை தோல்வி, வழக்குகள், 13 சாவு. அதற்குப் பிறகும் ஜனங்கள் விடவில்லை. கூலிக்கு வந்தவர் முதல் தடியடியிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்.

இரண்டாவது கேள்வி: என்ன செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பணம் கொடுத்தவர் "இந்த வருஷம் சிறுதானியம் பேசுங்க, தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று சொல்ல முடியுமா? எங்கள் வட்டாரத்துக்கு இது நேரடியான கேள்வி. தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தண்ணீர் போகிறது. வாழை காயும் வருஷத்தில் அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டியிருக்கும். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் நமக்கு விதைவங்கி கட்டித்தர ஒரு நிறுவனம் முன்வரலாம். வாங்கிவிட்டு அதன் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேச நமக்கு வாய் வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வி: கணக்கை யாரிடம் ஒப்படைக்கிறோம்? நிதி கொடுத்தவருக்கு இங்கிலீஷில் அறிக்கை போகிறது, ஊருக்கு ஒன்றும் இல்லை என்றால், யாருக்காக வேலை என்பது தெரிந்துவிடும்.

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் சொன்ன ஓர் அமைப்பு ராஜஸ்தானில் இருக்கிறது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்த அருணா ராயும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் கிராம மக்களோடு சேர்ந்து 1990-ல் தொடங்கியது. அதன் முழுநேர ஊழியர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனால் கூலித்தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி அளவுதான். வெளிநாட்டு நிதியும் அரசு நிதியும் வாங்குவதில்லை, தனிமனிதர் நன்கொடைதான். 1994-லிருந்து அவர்கள் பஞ்சாயத்துச் செலவுக் கணக்கை ஊர் நடுவில் சத்தமாகப் படித்தார்கள். "இந்த வேலைக்கு நீ கூலி வாங்கினாயா?" என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம். மற்றவர் கணக்கைக் கேட்பதற்கு முன் தன் கணக்கைத் திறந்து வைத்ததால்தான் அவர்கள் குரலுக்கு வலு இருந்தது.

சட்டத்தில் கவனிக்க வேண்டியது

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010-ல் புதிதாக்கப்பட்டு, 2020-ல் இறுக்கப்பட்டது. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் எந்த அமைப்பும் வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் முதல் வரவு விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வாங்கியதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் கூடாது.

நம்மவர்கள் தெரியாமல் மாட்டும் இடம் ஒன்று உண்டு. துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால், அவன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. சொந்தக்காரர், தமிழர் என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது, பாஸ்போர்ட்தான் தெரியும். 2020 டிசம்பரில் பஞ்சாபில் பாரதிய கிசான் யூனியன் ஏக்தா உக்ரஹான் சங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து நன்கொடை வந்தபோது, பதிவு விவரம் எங்கே என்று வங்கிக் கிளையே கேட்டது. அந்தக் கேள்வி நமக்கும் வரும். எனவே பணம் வாங்குவதற்கு முன்பே "எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் தெரிந்திருக்கட்டும். மக்கள் பிரச்சினைக்காகப் பந்த், மறியல் போன்ற வழிகளில் ஆதரவு தருகிறது என்பதற்காக மட்டும் ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்தி நிதியைத் தடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வட்டாரக் குழுவுக்கு என் யோசனை

முழுநேர ஊழியரை வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. ஆனால் இப்படி:

1. சம்பளம் எவ்வளவு என்பதைப் பொதுக்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். நம் வட்டாரத்தில் ஒரு மாதம் விவசாய வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலியை அளவாக வைக்கலாம். பஸ் செலவும் போன் செலவும் தனி, வவுச்சரோடு.

2. சம்பளத்தில் பெரும்பகுதி உறுப்பினர் சந்தாவிலிருந்து வர வேண்டும். ரொக்கமாக முடியாதவர் அறுவடையில் ஒரு மரக்கால் நெல்லோ ஒரு வாழைத்தாரோ தரட்டும். கூடங்குளம் போராட்டத்துக்கு இடிந்தகரை மீனவர்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தார்கள். கடல்காரர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

3. எந்த ஒரு ஆளிடமிருந்தும் நிறுவனத்திடமிருந்தும் ஆண்டு வரவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக்கூடாது. அவர் விலகினால் நாம் விழக்கூடாது.

4. எந்த நிறுவனத்தின் தண்ணீர், புகை, கழிவு பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறதோ, அதனிடம் ஒரு பைசாவும் வேண்டாம்.

5. ரசீது இல்லாமல் வரவு இல்லை, வவுச்சர் இல்லாமல் செலவு இல்லை. வங்கிக் கணக்கில் மூன்று பேர் பெயர், இரண்டு பேர் கையெழுத்து. அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நான் கையெழுத்துப் போடுகிற ஆளாக இருக்க மாட்டேன். தணிக்கை பார்க்க மட்டும் வருகிறேன். கணக்கு எழுதுகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.

6. மாதக் கூட்டத்தில் முதல் பத்து நிமிஷம் கணக்குப் படிப்பது. தமிழில், சத்தமாக. படிக்கத் தெரியாதவரும் கேள்வி கேட்க வேண்டும். கணக்குத் தாளைக் கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள். எதிர்த்தரப்பு வந்து படித்தாலும் நல்லதுதான்.

7. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவது. வேலை தெரிந்தவர் நாலு பேர் இருந்தால்தான் ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டாலும் வேலை நடக்கும்.

இதெல்லாம் செய்துவிட்டால் "காசு வாங்கிட்டுப் போராடுறாங்க" என்ற பேச்சு நின்றுவிடுமா? நிற்காது. ஆனால் அப்படிச் சொல்கிறவரிடம் கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "ஆமாம், எங்க ஊழியர் இவ்வளவு வாங்குறார், இன்னார் இன்னார் கொடுத்தது, உங்க கணக்கையும் காட்டுங்க" என்று கேட்கலாம். ஒளிக்க எதுவும் இல்லாதவருக்குத்தான் அப்படிக் கேட்க முடியும்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

நம் குழுவின் கடந்த ஆண்டு வரவில் எத்தனை பங்கு உறுப்பினரிடமிருந்து வந்தது?

நம்மில் யார் காசில்லாததால் கூட்டத்துக்கு வராமல் இருக்கிறார்? அவர் வர என்ன செய்யலாம்?

நாளைக்கே வெளிப்பணம் எல்லாம் நின்றுவிட்டால், நாம் எந்த வேலையை விடாமல் செய்வோம்?

மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் ஊழியருக்கு என்ன வேலை கொடுப்பது என்று முடிவு செய்யப் போகிறோம்.